பசை காயுமுன்

மேசையிலிருந்து மூலைக்குப் பதினேழு எட்டு.
திரும்பி வரவும் பதினேழு.
கச்சான் அடிக்கும் ஆனி மாதத்தில்
பசைக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

ஆறு தேக்குப் பலகையைச் சேர்த்து வைத்து
"அமத்திப் பிடி" என்று றொசலினிடம் சொல்லிவிட்டு
நான் ஓடுவேன்.
மூலையில் கிளாம்புகள்
கூடை நண்டுகளாய்
ஒன்றின் காலை ஒன்று கவ்விக் கிடக்கும்.
ஒன்றை இழுத்தால் மூன்று வரும்,
வேண்டியது வராது.
கிறுகிப் பார்த்தால்
நடுப்பலகை அரை விரல் நழுவியிருக்கும்.
இரண்டு கையும் போதாமல்
நாடியையும் பலகையில் ஊன்றிக்கொண்டு
றொசலின் என் பரம்பரையையே ஏசுவாள்.

வைகாசியில் ஒரு சாப்பாட்டு மேசை
அப்படித்தான் கோணிப்போனது.
வாங்க வந்த கல்முனை முபாஸ்தீன்
கிளாஸ் தண்ணியை அதன் நடுவில் ஊற்றினார்.
தண்ணி ஒரு ஓரமாய் ஓடிப்போய் நின்றது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஏசியிருக்கலாம்.

ஓட்டமாவடிப் பழைய இரும்புக் கடையில்
ஆஸ்பத்திரிக் கட்டிலின் சில்லு நாலு.
ஆயிரத்து எண்ணூறு சொன்னான்,
ஆயிரத்து முந்நூற்றைம்பதுக்குத் தந்தான்.
இரண்டுக்கு பிரேக் உண்டு.
ஒன்று, நினைத்த நேரம் அழும்.

மெஷின் பெட்டி உடைத்த பைன் சட்டம்,
அலுமாரிக்கு மிஞ்சிய பிளைவூட்.
இரண்டு பக்கமும் சரித்து
கூரை முகடு போல மேலே சேர்த்தோம்.
காதில் பென்சில் செருகிய றொசலின்
ஒவ்வொரு கிளாம்பாய் எடுத்துக் கழுத்தை அளந்தாள்,
பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்கிறவள் போல.

ஒட்டும் அன்றைக்குத்தான் உறைத்தது:
கிளாம்பு கொழுவும் சட்டத்தைக் கட்ட
இருக்கிற கிளாம்பு அத்தனையும் வேண்டும்.
இருபத்துமூன்றும் ஒரே மரத்தைக் கடித்தபடி
விடியும்வரை நின்றன.
காலையில் ஒவ்வொன்றாய்ப் பிடி தளர்த்தினோம்.
எதை நெரித்துக்கொண்டு நின்றதோ
அதிலேயே போய்த் தொங்கிற்று.

நீட்டு பார் கிளாம்ப் கீழே,
குட்டி சீ கிளாம்ப் மேலே என்றாள்.
குனியாமல் எடுக்க வேணும், நீட்டு மேலே என்றேன்.
அரை நாள் பேச்சில்லை.
மறுகா, ஒரு பக்கம் மட்டும்
நான் சொன்னபடி கொழுவிப் பார்த்தோம்.
சட்டம் மெல்லத் தலை சாய்த்தது,
யோசித்தது,
என் காலில் விழுந்தது.
பெருவிரல் நகம் இன்னும் கறுப்பு.
நீட்டு, கீழே.

களுவாஞ்சிக்குடியில் இந்தப் பட்டறைக்கு
சிமெந்துத் தரை போட்டு ஏழு வருசம்.
மட்டம் என்றுதான் நம்பியிருந்தோம்.
பிரேக்கை விட்டதும்
ஒருவரும் தொடாமல்
சட்டம் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியது,
வாவி இருக்கிற பக்கம்,
ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி
வீட்டுக்குப் போகிற ஆள் மாதிரி.
றொசலின் சிரித்த சிரிப்பில்
பக்கத்து மில்லில் மாவரைக்கிறவள்
முகமெல்லாம் மாவோடு எட்டிப் பார்த்தாள்.
அந்த மேசை கோணினதற்கும்
தரைதான் காரணமோ என்று
எனக்கு ஒரு சின்ன ஆறுதல் வரப் பார்த்தது.
"தரை இல்ல, உன்ர கைதான்" என்றாள்.

இப்போது ஒரே எட்டு.
பசைத் தூரிகையை வைத்துவிட்டு நிமிர்ந்தால்
முழங்கைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அவள் செய்தது இருபத்துநாலு கொழுவி.
ஒன்று வெறுமையாய் நிற்கிறது.
குவியலாய்க் கிடந்த காலம்
எதுவும் குறைந்ததாய்த் தெரிந்ததே இல்லை.
யார் யாருக்கோ போன் எடுத்தாள்.
கடைசியில் கோட்டைக்கல்லாறு வில்வநாதன்
காற்று இரைகிற இடத்திலிருந்து கத்தினான்:
"என்னட்டத்தான் இரிக்கி. வள்ளத்துப் பலகை விட்டுப்போச்சு,
அதுதான் பிடிச்சிட்டு நிக்குது.
இப்ப கடல்ல நிக்கன்."

றொசலின் போனை வைத்தாள்.
வெறும் கொழுவியின் கீழே
பென்சிலால் அவன் பெயரை எழுதினாள்.
நான் அடுத்த பலகைக்குப் பசை பூசினேன்.
சரி, கரைக்கு வருமட்டும்
விடாமல் பிடிக்கட்டும்.